கத்திரிப்பூக் கல்

சனிக்கிழமை மூன்று மணி ஆக இன்னும் இருபது நிமிஷம் இருக்கும்போதே லேசர்க்கா பாதுகாப்புக் கண்ணாடிகள் இரண்டையும் துடைத்து முடித்துவிட்டாள். ஒன்று அவளுக்கு, ஒன்று நாற்காலியில் உட்காரப்போகிறவருக்கு. தன்னுடையதை மெஷின் தலையில் வைத்துவிட்டு, மற்றதை மறுபடி எடுத்து ஊதித் துடைத்தாள். காலையிலிருந்து மூன்று பேர் அதே கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து எழுந்து போயிருந்தார்கள். அவர்களில் யாருக்கும் ஊதித் துடைத்துக் கொடுத்ததாகத் தகவல் இல்லை.

வரவேற்பு மேஜையில் இருக்கும் பெண் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினாள்.

"அக்கா, உங்க மூணு மணி இன்னும் வரல."

"மூணு மணிக்கு வர்றவர் மூணு மணிக்குத்தான் வருவாரு. நீ போய் போனை எடு."

"போன் அடிக்கவே இல்லையே."

"அடிக்கும். போ."

அந்தத் தெருவில் அவளுக்கு லேசர்க்கா என்பதே பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது அண்ணனும் வங்கிக் கடிதமும்தான். வயது நாற்பத்திரண்டு முடிந்தது. வீட்டில் நாற்பது என்று சொல்லிக்கொள்கிறார்கள். யாரிடம் சொல்கிறார்கள் என்று கேட்டால், வயதை விசாரிக்கிற ஆட்கள் வருவது நின்றுபோய்ச் சில வருஷம் ஆகிறது. இருந்தாலும் ஒரு பழக்கம். அண்ணன் வீட்டில் அவளுக்குத் தனிச் சாவி, தனி அலமாரி, குளிர்பெட்டியில் தனித் தட்டு. எல்லாம் மரியாதையாகத்தான் கொடுத்திருந்தார்கள். மரியாதை கொஞ்சம் கூடிப்போய், அவள் சத்தமாகத் தும்மினால்கூட அண்ணி "ஒண்ணுமில்லயே?" என்று விருந்தாளியைக் கேட்பதுபோல் கேட்பாள்.

செருப்புக் கடைக்கு மேலே முதல் மாடியில் தோல் கிளினிக். கீழே மாட்டுத் தோல், மேலே மனுஷத் தோல் என்று கடைக்காரர் பத்து வருஷமாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார். சிரிப்பது அவர் மட்டும்தான். கிளினிக்கில் டாக்டரம்மா வருவார், பார்ப்பார், எழுதுவார், போவார். சுடுவது லேசர்க்கா. முடி எடுக்க வருகிறவர்கள், கறுப்புத் திட்டைக் கரைக்க வருகிறவர்கள், இவர்களுக்கு நடுவே பச்சை குத்திக்கொண்டதை அழிக்க வருகிறவர்கள். கடைசி வகைதான் சுவாரஸ்யம். கல்யாணத்துக்கு நாலு மாதம் இருக்கும்போது, அம்மாவைக் காவலுக்கு வைத்துக்கொண்டு தோள்பட்டையைக் காட்டுகிற பெண்கள் உண்டு. ஒரு பெயரை அழித்து, புண் ஆறியதும் அதே இடத்தில் இன்னொரு பெயரை எழுதிக்கொண்டு, அதையும் அழிக்க வந்த வீரர் ஒருவர் உண்டு. "கையா சார் இது, சிலேட்டா?" என்று அவள் அவரைக் கேட்டது கிளினிக்கில் இன்றைக்கும் ஓடுகிறது. அப்படிக் கேட்ட வாய்தான், போன வருஷக் கடைசியில் ஒரு சனிக்கிழமை மூன்று மணிக்கு லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் வந்து முழுக்கைச் சட்டையை முழங்கை வரை மடித்தபோது ஒன்றும் கேட்காமல் மூடிக்கொண்டது.

இடது முன்கை. நாலு எழுத்து, ஒவ்வொன்றும் கட்டைவிரல் நீளம். குத்தியவன் கை நடுங்கியிருக்க வேண்டும். கடைசி எழுத்து வரிசையை விட்டுக் கீழே இறங்கியிருந்தது. அவர்தான் முந்திக்கொண்டார்.

"வீட்ல இருந்தவங்க பேரு, மேடம்."

இருந்தவங்க என்றால் போய்ச் சேர்ந்தவரா, விட்டுப் போனவரா? அதைத் தெரிந்துகொள்ள அவளுக்கு நாற்பது நிமிஷம் கிடைத்தது. சுடுவதற்கு முன்னால் மரத்துப்போகிற களிம்பைத் தடவி, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, நாற்பது நிமிஷம் உட்கார வைக்க வேண்டும். சுடுகிற வேலை ஐந்து நிமிஷம்கூட இல்லை. களிம்பு தடவியவர்களை வெளியே அனுப்பி உட்கார வைப்பதுதான் வழக்கம். இவரை முதல் தடவை உள்ளேயே உட்கார வைத்ததற்குக் காரணம், வெளியே நாற்காலி காலி இல்லை. இரண்டாம் தடவை வெளியே நாற்காலி இருந்தது. காரணம்தான் இல்லை.

ஆறு வாரத்துக்கு ஒரு தடவை. தோல் ஆற வேண்டும், உடைந்த மையை உடம்பு சுமந்துகொண்டு போக வேண்டும், அதற்கு அவ்வளவு நாள் பிடிக்கும். "எங்க சுமந்துட்டுப் போகும்?" என்று அவர் கேட்டார். மோட்டாரில் எண்ணெய் எங்கே போகிறது என்று கேட்கிறவர் கேட்கிற மாதிரி. அக்குளில் நெறிகட்டும் இடத்தில் கொஞ்சம் போய்த் தங்கும் என்று அவள் சொன்னாள். "அப்ப அழியல. உள்ள குடி போகுது," என்றார். அவள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

மற்ற ஐந்து வாரமும் ஆறு நாளும் என்ன செய்தாள் என்று கேட்காதீர்கள். வேலைக்குப் போனாள், வந்தாள். ஆனால் அந்தச் சனிக்கிழமைக் காலையில் மட்டும் துணிக்கு இஸ்திரி போட்டாள். "மேல வெள்ளைக் கோட்டு போட்டு மூடப்போற. உள்ள இருக்கறதுக்கு எதுக்கு இஸ்திரி?" என்று அண்ணி கேட்டாள். அண்ணி கேட்கிற கேள்விகளுக்குப் பதில் தேவைப்படாது. கேட்கும்போதே அவளிடம் பதில் இருக்கும்.

அவர் பேசியது பெரும்பாலும் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றி. உள்ளே மாட்டிக்கொண்ட மேனேஜர் ஒருவர் அழுதுகொண்டே முதலாளிக்குப் போன் போட்டு, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டாராம். பூனையோடு மாட்டிக்கொண்ட கிழவர், பூனைக்குப் பயம் தெரியக் கூடாதென்று ஒன்றரை மணி நேரம் விசிலடித்தாராம். "கரண்டு, மோட்டார் எல்லாம் அப்புறம், மேடம். உள்ள இருக்கறவங்களுக்கு மொதல்ல பேச்சு வேணும். வெளியில ஒரு ஆள் இருக்கான்னு தெரியணும். கதவு இடுக்குல வாயை வச்சுப் பேசிட்டே இருப்பேன். பேசிட்டே வேலை பார்ப்பேன்."

மூன்றாம் தடவை வந்தபோது அந்த விஷயத்தையும் சொன்னார், யாரோ ஒருவருக்கு நடந்ததைச் சொல்வதுபோல. ஒரு ஆபீஸ் கட்டடத்தில் இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரே ஒரு பெண் என்று காவலாளி சொன்னார். இவர் வழக்கம்போல இடுக்கில் வாயை வைத்து, பயப்படாதீங்க, மூச்சை மெதுவா விடுங்க, எந்த மாடில வேலை பாக்கறீங்க, காலைல சாப்டீங்களா என்று இருபது நிமிஷம் பேசியிருக்கிறார். உள்ளேயிருந்து ம், ம் என்று மட்டும் பதில். கதவைப் பிளந்து கையை நீட்டித் தூக்கிவிட்டால், அவள்தான். விட்டுப் போய் மூன்று வருஷம் ஆனவள்.

"என் குரல் அவளுக்கு மொத வார்த்தையிலயே தெரிஞ்சிருக்கும். சொல்லல. வெளிய வந்து துணியை உதறிட்டு, 'வீட்ல ஒருநாள்கூட இவ்வளவு பேசினதில்லயே நீங்க'ன்னா. அப்புறம் கையைப் பாத்தா. 'இன்னுமா வச்சிருக்கீங்க? அழிச்சிடுங்க, ரெண்டு பேருக்கும் சங்கடம்'னா." பிளாஸ்டிக் தாளின் ஓரத்தை நகத்தால் நீவிவிட்டார். "பன்னெண்டு வருஷத்துல அவ கேட்டு நான் செய்யற மொத வேலை இதுதான்."

தெருவில் பலரும் பலவிதமாகச் சொல்வார்கள். ஆனால் விஷயம் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது என்பது உறுதி. நாற்பத்திரண்டு வருஷத்தில் அவளோடு யாரும் கதவு இடுக்கில் வாயை வைத்துப் பேசியதில்லை. நாற்பது நிமிஷம் தொடர்ந்து பேசியவர்கள்கூடக் குறைவு. அதிலும், அவள் சொல்வதை இடையிலே வெட்டாமல், பதிலுக்கு ஒன்று கேட்கவும் செய்தவர் இவர் ஒருத்தர்தான். அண்ணன் வீட்டுத் தும்மல் விஷயத்தைச் சொன்னபோது அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அப்ப தும்மல் வந்தா எங்க போய்த் தும்முவீங்க?" என்று கேட்டார். கிளினிக்கில் வந்து தும்முவேன் என்றாள். அடுத்த தடவை வந்தபோது உட்கார்ந்ததுமே, "இன்னிக்கு எத்தனை?" என்றார்.

அந்த மூன்றாம் தடவை முடிந்ததும் டாக்டரம்மா வந்து கையைத் திருப்பிப் பார்த்தார். கறுப்பு போய்ச் சாம்பல் நிறமாகியிருந்தது. "அருமையா கரையுது. இன்னும் ரெண்டே தடவை. அதுக்கு மேல வேண்டியிருக்காது."

ரெண்டே தடவை. பன்னிரண்டு வாரம், எண்பது நிமிஷம். அவ்வளவுதான் பாக்கி என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் அவளுக்கு இந்த அளவு உறைத்திருக்காது. மை மங்க மங்க மெஷின் சக்தியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்பது விதி. நாலாம் தடவை திரையில் கூட்டல் குறியைத் தொட வேண்டிய விரல், பக்கத்தில் இருந்த கழித்தல் குறியை இரண்டு தரம் தொட்டது. தோல் சிவந்திருக்கிறது, பாவம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தோல் சிவக்கவில்லை. ஐந்தாம் தடவை மூன்று தரம் தொட்டாள். மொத்தமாகப் பேசி முன்பே பணம் கட்டிய சிகிச்சை. எத்தனை தடவை வந்தாலும் அவருக்குக் கூடுதல் செலவில்லை என்பதில் அவள் மனசாட்சி காலை நீட்டிப் படுத்துக்கொண்டது. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். அவர் வந்துகொண்டே இருக்க வேண்டுமானால் அவர் கையில் அந்த இன்னொருத்தி இருந்துகொண்டே இருக்க வேண்டும். ஆறு வாரத்துக்கு ஒரு தடவை இவளே உட்கார்ந்து, அவள் பெயரைப் பதமாக, சேதமில்லாமல் காப்பாற்றிக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தாள்.

இந்தச் சனிக்கிழமை ஆறாம் தடவை. மூன்று அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது அவர் வந்தார். மாடிப்படி ஏறி வந்த மூச்சு. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

"இன்னிக்கு எத்தனை?"

"ஒண்ணுதான். காலையில படியில."

நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். முதலில் வார்த்தைக்கு வார்த்தை மேடம் சொல்லிக்கொண்டிருந்தவர், ஐந்தாம் தடவையிலிருந்து அதை விட்டுவிட்டார். அதற்குப் பதிலாக வேறெதுவும் சொல்லவில்லை. மேடம் இருந்த இடம் வாக்கியத்தில் காலியாகவே இருந்தது. வீட்டுக்குப் போனபிறகு அந்தக் காலி இடத்தில் எதையெதையோ உட்கார வைத்துப் பார்ப்பது லேசர்க்காவின் புதுப் பழக்கம்.

களிம்பு, தாள், நாற்பது நிமிஷம், ஐந்து நிமிஷம். முடிந்து கட்டுப் போடுகிற நேரத்தில் டாக்டரம்மா உள்ளே வந்தார். கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர் நெற்றியைச் சுருக்கினார்.

"இது என்ன, ஆறாவது தானே? மூணாவதுல பாத்த மாதிரியே இருக்கு. மெஷின் தளந்துபோச்சா?"

"மை கொஞ்சம் ஆழமா இருக்கு டாக்டர்," என்றாள்.

"ஆழமெல்லாம் இல்ல, நான் பாத்தேனே. மெஷினுக்குள்ள இருக்கற கல்லுல ஏதாவது கறை விழுந்திருக்கும். சர்வீஸ்காரரைக் கூப்பிடு. அடுத்த தடவை இவர் வந்ததும் முடிச்சு நேரா என் ரூமுக்கு அனுப்பு. அன்னிக்கும் இப்படியே இருந்தா கல்லை மாத்திடலாம்."

மெக்கானிக் தலையாட்டிவிட்டுச் சட்டைக்கையை இறக்கினார். லேசர்க்கா மெஷினைப் பார்த்தாள். பதினோரு வருஷம் கூட உழைத்த ஜடம். வாயில்லாததன் மேல் பழி விழுந்துவிட்டது.

சர்வீஸ்காரர் பத்து நாள் கழித்து இரண்டு பெட்டிகளோடு வந்தார். எதைக் கழற்றினாலும் அதைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்யாமல் மாட்ட மாட்டார் என்பது அவரைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். உறை, அதற்குள் ஒரு உறை, தண்ணீர்க் குழாய், கண்ணைப் பறிக்கும் விளக்குக் குழல் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, கடைசியில் கையுறை மாட்டிய விரல்களால் ஒன்றை வெளியே எடுத்தார். பென்சில் பருமன், விரல் நீளம். கத்திரிப்பூ நிறம். பதினோரு வருஷம் அதை வைத்துத்தான் சுட்டிருக்கிறாள். பார்ப்பது முதல் தடவை. ஜன்னல் பக்கம் கொண்டுபோனபோது இளஞ்சிவப்பு ஓடியது. திரும்பக் கூரை விளக்கின் கீழே வந்தபோது கொஞ்சம் நீலத்துக்குச் சாய்ந்தது.

"இதாங்க்கா யாக். செயற்கைக் கார்னெட்டு. கோமேதகத்துக்கு ஒண்ணுவிட்ட தம்பின்னு வச்சுக்கோங்க. ஆனா மண்ணுல தோண்டி எடுத்தது இல்ல, உலையில வளத்தது."

"கல்லை வளப்பாங்களா?"

"பின்ன? ரெண்டாயிரம் டிகிரி சூட்டுல குழம்பா கொதிக்கும். ஒரு குச்சி நுனியில துளியூண்டு விதைக்கல்லைக் கட்டி, குழம்பைத் தொட்டும் தொடாம வச்சு, சுத்திக்கிட்டே மேல இழுக்கணும். மணிக்கு அரை மில்லிமீட்டர். கொஞ்சம் அவசரப்பட்டா விரிசல் விட்டுடும். வாரக்கணக்குல ஒருத்தன் பக்கத்துலயே காவல் இருக்கணும்."

நிறம் சேர்க்காமல் வளர்த்தால் தெளிந்த தண்ணீர் மாதிரி இருக்குமாம். ஒரு காலத்தில் அதைப் பட்டை தீட்டி வைரத்துக்குப் பதிலாக மோதிரத்தில் வைத்தார்களாம். ஒரு கோடு போட்டு அதன் மேல் கல்லைக் கவிழ்த்து வைத்தால் வைரத்துக்கு அடியில் கோடு தெரியாது. இதற்கு அடியில் தெரியும். வேறொரு பொருளைச் சேர்த்தால் மஞ்சள் பொடி. வீட்டில் எரிகிற வெள்ளை பல்புக்குள் இருப்பது அதுதானாம். இது மாதிரி கத்திரிப்பூ நிறத்தில் வளர்த்தால் இரும்பைக் கூடப் பற்றவைக்கலாம், கண்ணுக்குள் படர்ந்த சவ்வையும் கிழிக்கலாம்.

"இதோட கெட்டிக்காரத்தனம் என்னன்னா, வெளிச்சத்தை உள்ள வாங்கி வாங்கி அடைச்சு வச்சுக்கும். சும்மா விட்டா ஒழுகிப் போயிடும். அதனால முன்னால ஒரு கதவைப் போட்டு மூடி வைக்கறோம். இனிமே தாங்காதுங்கற நேரத்துல திறந்து விடணும். நொடியைப் பத்துக் கோடியா வெட்டினா அதுல ஒரு துண்டு நேரம். அவ்வளவுதான், மொத்தமும் வெளிய."

"உடையாதா?"

"அது உடையாது. பக்கத்துல இருக்கறதுதான் உடையும்." கல்லை விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு கீறல் இல்ல, கறை இல்ல. பொறந்த குழந்தை மாதிரி இருக்கு. இது மேல யாருங்க்கா புகார் சொன்னது?"

டாக்டரம்மாதான் என்று சொல்லிவிட்டு அவள் ஜன்னல் திரையைச் சரிசெய்யப் போனாள். அந்தத் திரை ஒழுங்காகத்தான் இருந்தது. திரும்பி வந்தபோது கல் உள்ளே போயிருந்தது; அவர் மெஷின் திரையில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். யாருக்கு எந்தத் தேதியில் எவ்வளவு சக்தி வைத்தோம் என்று அந்த மெஷின் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்ளும். அது அவளுக்குத் தெரியும். தெரிந்ததை மறந்திருந்தாள், அவ்வளவுதான்.

"எல்லாருக்கும் ஏறிட்டே போகுது. இருநூத்திப் பதினேழுன்னு ஒரு நம்பர், அவருக்கு மட்டும் இறங்கிட்டே வருது."

"தோல் சிவந்துச்சு."

"மூணு தடவையுமா?"

சர்வீஸ்காரர் பெட்டியை மூடி, மூடியதைத் திறந்து, மறுபடி மூடினார். அத்தனை பேச்சுக்காரர் வார்த்தை தேடியதை அன்றைக்குத்தான் அவள் பார்த்தாள்.

"விளக்குக் குழல் பழசாயிடுச்சு, மாத்திட்டேன்னு டாக்டரம்மாகிட்ட சொல்லிடறேன். மாத்தவும் மாத்திட்டேன், பொய் இல்ல. ஆனா அடுத்த தடவை அந்த நம்பருக்கு ஏறணும்க்கா. ஏறலன்னா கல்லை மாத்தச் சொல்லுவாங்க. மாத்த வேண்டியது கல்லு இல்லன்னு எனக்குத் தெரியும்." இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனவர், "நான் ஒண்ணும் பாக்கல," என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் அண்ணி பாத்திரம் கழுவுவதற்காகக் கழற்றி வைத்த மோதிரத்தை லேசர்க்கா எடுத்தாள். அண்ணியின் அம்மா போட்டிருந்தது, வைரம், அதன் பெருமையைத் தெருவே மனப்பாடம் செய்திருந்தது. பேனாவால் ஒரு காகிதத்தில் கோடு போட்டு, கல்லை அதன் மேல் கவிழ்த்து வைத்தாள். கோடு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, வளைந்து, தெளிவாகத் தெரிந்தது. மோதிரத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். வேறு எந்த நாளாக இருந்தாலும் இது ஒரு மாதத்துக்குத் தாங்கும் சந்தோஷம். அன்றைக்கு அவளுக்கு அண்ணியின் அம்மாமேல் பாவமாக இருந்தது. யாரோ வைரம் என்று சொல்லிக் கொடுத்ததை முப்பது வருஷம் விரலில் போட்டுக்கொண்டு, ஒருநாள்கூடக் கோட்டின் மேல் வைத்துப் பார்க்காமல் போய்விட்டாள். புத்திசாலி.

மிச்சமிருந்த நாலரை வாரத்தில் அவள் முடிவு செய்தது இதுதான்: கடைசித் தடவை முழுச் சக்தி வைத்தே ஆக வேண்டும். ஒரே சுடலில் எல்லாம் போய்விடும். அதற்கு முன்னால் அந்த நாற்பது நிமிஷம் இருக்கிறது. அதில் கேட்டுவிட வேண்டும். என்ன கேட்பது என்பதைப் பல மாதிரி வைத்துப் பார்த்தாள். 'இதுக்கப்புறம் சனிக்கிழமைல என்ன பண்ணுவீங்க?' என்பது பரவாயில்லை போலிருந்தது. சாதாரணமாக, களிம்பு தடவிக்கொண்டே கேட்கலாம். பதில் எப்படி வந்தாலும் முகத்தைக் களிம்புப் பக்கம் திருப்பிக்கொள்ளலாம்.

ஏழாம் தடவை. மூன்று மணி ஆயிற்று. மூன்றேகால். மூன்றரை. வரவேற்புப் பெண் இந்த முறை தலையை நீட்டவில்லை. சில நேரங்களில் அவளுக்கும் இங்கிதம் தெரியும். மூன்று ஐம்பதுக்குப் படியில் சத்தம் கேட்டது. சட்டையில் கிரீஸ், கையில் கறுப்பு, நெற்றியில் வேர்வை.

"எட்டாவது மாடில ரெண்டு பேர். கதவே அசையல. நடுவுல விட்டுட்டு வர முடியல."

"பரவாயில்ல. கையைக் கழுவிட்டு வாங்க, களிம்பு போடறேன்."

"டாக்டரம்மா நாலரைக்குக் கிளம்பிடுவாங்கன்னு வெளிய சொல்றாங்களே. களிம்பு வேணாம். அப்படியே சுட்டுடுங்க."

"வலிக்கும்."

"வலிக்கட்டும்."

நாற்பது நிமிஷமும் போயிற்று. கேட்க வைத்திருந்த கேள்வியும் அதோடு போயிற்று. அவர் முன்கையைத் துடைத்தாள். கண்ணாடியைக் கொடுத்தாள், தானும் மாட்டிக்கொண்டாள். அந்தக் கண்ணாடியைப் போட்டுவிட்டால் யாருக்கும் கண் கிடையாது. இரண்டு பச்சைச் சில்லுகள்தான். திரையில் கூட்டல் குறியைத் தொட்டாள். இன்னொரு தரம். இன்னும் ஐந்து தரம் தொட வேண்டியிருந்தது. அவ்வளவு கீழே இறக்கி வைத்திருந்திருக்கிறாள்.

கீழே இருந்த பெடலை மிதித்ததும் முதல் எழுத்தின் மேல் படீரென்று வெளிச்சம் விழுந்தது. அவர் பல்லைக் கடித்து மூச்சை இழுத்தார். முதல் எழுத்து முடிந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"சத்தம் சரியாயிடுச்சு."

அவள் காலை எடுத்துவிட்டாள்.

"எந்தச் சத்தம்?"

"மெஷின் சத்தம். நாலாவது தடவையிலேர்ந்து அமுங்கிப்போயிருந்துச்சு. அஞ்சாவதுல இன்னும். இன்னிக்குப் பழையபடி வந்துடுச்சு."

"நாலாவதுலயே தெரிஞ்சுதா?"

"சத்தத்தை வச்சுத்தானே எங்க பொழப்பு."

குளிரூட்டும் விசிறி மெஷினுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் குறைச்சீங்க?"

தோல் சிவந்துச்சு என்ற பொய் அவளிடம் தயாராக இருந்தது. தனக்கும் சர்வீஸ்காரருக்கும் சொல்லிப் பழகியதுதான். அது வரவில்லை.

"சீக்கிரம் முடிஞ்சிடும்போல இருந்துச்சு," என்றாள்.

அவர் தலையை அசைத்தார். இல்லை என்பதுபோலவும் இல்லை, ஆமாம் என்பதுபோலவும் இல்லை. "எனக்கும்," என்றார்.

எது முடிந்துவிடும்போல இருந்தது அவருக்கு? பன்னிரண்டு வருஷம் கூட இருந்த பெயரா, ஆறு வாரத்துக்கு ஒரு முறை வருகிற சனிக்கிழமையா? கேட்டால் சொல்லிவிடுவார். இந்த மனிதர் பொய் சொல்லுகிற ரகம் இல்லை, அதுதான் பயம். கண்ணாடியை மீறி ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தாள். பச்சையாக அவள் முகமே இரண்டாகத் தெரிந்தது.

"இன்னும் மூணு இருக்கு," என்று சொல்லி அவர் கையைச் சரியாக மறுபடி வைத்துக் கொடுத்தார். "அவ கேட்டது. பண்ணிடலாம்."

அவள் மிதித்தாள். இரண்டாவது எழுத்து, மூன்றாவது எழுத்து. வரிசையை விட்டு இறங்கியிருந்த நாலாவதற்காகக் கையைக் கொஞ்சம் திருப்ப வேண்டியிருந்தது. மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினாள். அவர் கையை விறைக்கவோ இழுக்கவோ இல்லை. கடைசிச் சத்தம் அடங்கியதும் இரண்டு பேரும் கண்ணாடியைக் கழற்றினார்கள்.

முழுச் சக்தியில் சுட்டால் மை இருந்த இடமெல்லாம் உறைபனி மாதிரி வெள்ளை பூக்கும். கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு அடங்கும். மாதக்கணக்கில் அவள் அதைப் பார்க்காமலே இருந்துவிட்டாள். இப்போது சிவந்த தோலின் மேல் அந்த நாலு எழுத்தும் தூய வெள்ளையில் எழும்பி நின்றன. கறுப்பாக இருந்தபோதுகூட இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. தள்ளி நின்று பார்க்கிறவர்கூடப் படித்துவிடலாம்.

கதவுக்கு வெளியே வரவேற்புப் பெண்ணின் குரல் கேட்டது. "அக்கா, டாக்டரம்மா பையை எடுத்துட்டாங்க. அவரை அனுப்பச் சொல்றாங்க."

அவள் கட்டுத் துணியை எடுக்கவில்லை. அவர் எழுந்திருக்கவில்லை. இரண்டு தலைகளும் ஒரு கையின் மேல் குனிந்திருந்தன. முதல் எழுத்தின் ஓரத்தில் வெள்ளை மெல்ல இறங்கத் தொடங்கியது. எங்கிருந்தோ வந்து உட்கார்ந்த ஒன்று பறந்துவிடக் கூடாது என்பதுபோல் அவர் கையை அசைக்காமல் வைத்திருந்தார். மணிக்கட்டைப் பிடித்த அவள் விரல்களும் அப்படியே இருந்தன.